ராயப்பன் வீட்டு ரயில்

ஜன்னலைச் சாத்தாதம்மா. காத்து வரட்டும். குளிருதா உனக்கு? மார்கழிக் காத்து, குளிரத்தான் செய்யும். எனக்குக் குளிரல. எனக்கு உள்ள பத்திக்கிட்டு எரியுது. இந்தா, என் சால்வையைப் போத்திக்க. அட எடுத்துக்கம்மா, இப்ப எனக்கு எதுக்கு அது.

கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போறீங்களான்னு கேட்டியே, நல்லாக் கேட்ட போ. கிறிஸ்மஸ் முடிஞ்சு மூணு நாளாச்சு. வீட்டுக்கு ஆளுங்க வந்துகிட்டே இருக்கறப்ப, அடுப்புல பால் காயறப்ப, எவளாவது பையைத் தூக்கிகிட்டு திண்டுக்கல் பஸ்ல ஏறுவாளா? நான் ஏறிட்டேன். திண்டுக்கல்ல எங்க அக்கா வீடு. வர்றேன்னு அவகிட்டகூடச் சொல்லல. போய்க் கதவைத் தட்ட வேண்டியதுதான்.

எல்லாம் ஒரு ரயிலால வந்த வினை. நிஜ ரயில் இல்ல, பொம்மை ரயிலு. சிரி, சிரி. கேக்கறவங்களுக்குச் சிரிப்பாத்தான் இருக்கும்.

பொன்மலை தெரியுமா? திருச்சியில, ரயில்வே ஒர்க்‌ஷாப் இருக்குல்ல, அதான் எங்க ஊரு. எங்க வீட்டுக்காரரு அங்க ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. எங்களுக்குக் கல்யாணமான புதுசுல, பக்கத்துல இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிச்சு. கட்டிலு, பீரோ எல்லாத்தையும் வித்துட்டு, ஒரு பெட்டியை மட்டும் இவரு கையில சும்மா கொடுத்துட்டுப் போனாங்க. தொறந்தா உள்ள எஞ்சினு, பெட்டிங்க, தண்டவாளம். கரண்ட்ல ஓடும். இத்துணூண்டு, என் கட்டைவிரல் உசரம்தான் இருக்கும். அன்னைக்குப் புடிச்சுது எனக்குச் சனி.

நாங்க கிறிஸ்தவங்கம்மா. கிறிஸ்மஸுக்குக் குடில் வெப்போம். மாட்டுக்கொட்டகை, மாதா, சூசையப்பர், இடையருங்க, ஆடு. மத்த வீட்ல எல்லாம் ஒரு மூலையில ஸ்டூல் போட்டு அது மேல வெப்பாங்க, முடிஞ்சுது. எங்க வீட்ல ஹாலையே காலி பண்ணணும். சோபா வாசலுக்குப் போயிரும். கட்டிலு கொல்லைக்குப் போயிரும். நான் சமையக்கட்டுல பாயை விரிச்சுப் படுக்கணும். ஹால் முழுக்கப் பலகை போட்டு, அந்தக் கோடியில பெத்லகேம், இந்தக் கோடியில பொன்மலை, சுத்திச் சுத்தி ரயிலு. பெத்லகேமுக்கு ஏது ரயிலுன்னு நீ கேக்காத, ஊருல எல்லாரும் கேட்டு முடிச்சாச்சு. எங்க வீட்ல மூணு ராசாக்கள்கூட ஒட்டகத்துல வர மாட்டாங்க. கூட்ஸ் பெட்டியில ஏறி வருவாங்க. ஜனவரியில அவங்க திருநாளன்னைக்கு, இவரு விசிலை ஊதி, பச்சைக் கொடியை ஆட்டி, பெத்லகேம் ஸ்டேஷன்ல அவங்கள இறக்கி விடுவாரு. அதைப் பாக்கத் தெருவே வந்து நிக்கும். வேற மதத்துக்காரங்களும் பிள்ளைங்களத் தூக்கிகிட்டு வருவாங்க. வரட்டும், வேணாங்கல. பாலன் பொறந்தா எல்லாருக்கும்தான் பொறந்திருக்காரு.

ஆனா வர்றவங்க என்னான்னு சொல்லிகிட்டு வர்றாங்க? "ராயப்பன் சார் வீட்டு ரயிலப் பாக்க வந்தோம்." போறப்ப என்னான்னு சொல்லிகிட்டுப் போறாங்க? "ராயப்பன் சார் கலக்கிட்டாரு." ராயப்பன் சார் என்னத்தக் கலக்கினாரு? ஒரு ஸ்விட்சைத் தட்டினாரு. பழைய தொப்பியைத் தலையில வெச்சுகிட்டு விசிலை ஊதினாரு. கரையான் புத்தெடுக்கப் பாம்பு குடிவந்த கதைம்மா. ரயிலு ஓடறதுக்கு ஒரு ஊரு வேணும்ல? மலை வேணும், கோயில் வேணும், வீடு வேணும், ஜனம் வேணும். அந்த ஊரைக் கட்டினது யாரு? நான்.

ஆமா, நான்தான். ஒட்டறது வெட்டறது எல்லாம் ஆக்னஸ் செய்வா, அதை நான் இல்லைங்கல. ஆக்னஸ்னா என் நாத்தனாரு, இவரோட தங்கச்சி. கல்யாணம் பண்ணிக்கல. பள்ளிக்கூடத்துல தையல் டீச்சரா இருந்தா, இப்ப எங்களோடதான் இருக்கா. கத்தரிக்கோலப் புடிச்சே பழகின கை. தீப்பெட்டியில வீடு செய்வா, தீக்குச்சியில துணியச் சுத்தி ஆளு செய்வா, சாக்கைக் களிமண்ணுல முக்கி மலை செய்வா. ஆனா யாரு சொல்லிச் செய்வா? நான் சொல்லுவேன், அவ செய்வா. தலை நான், கை அவ. "ஆக்னஸு, இந்த வருசம் நல்லாப் பெரிசா செஞ்சுரு"ன்னு நவம்பர்லயே சொல்லிருவேன். கேழ்வரகு ஊற வெச்சுக் கொடுக்கறது நான். அதை மண்ணுல தூவினா பச்சைப்பசேல்னு மொளைச்சு வரும், அதான் குடிலுக்குப் புல்லு. பனிக்குப் பஞ்சு கேட்டா என் தலகாணியப் பிரிச்சுக் கொடுத்திருக்கேன். அப்புறம் வர்ற ஜனத்துக்கு அச்சு முறுக்கு, கல்கல், அதிரசம். டீ. டீன்னா எத்தனை டீ! குடிச்சுட்டு டம்ளரை மலை மேல வெச்சுட்டுப் போவாங்க, பெத்லகேம்ல வெச்சுட்டுப் போவாங்க. பொறுக்கிக் கழுவறது யாரு? ராயப்பன் சாரா?

இத்தனை வருசம் வாயத் தொறக்கல. போன வருசம் ஒரு தம்பி போனை நீட்டிகிட்டு வந்துச்சு, யூடியூப்ல போடப் போறேன்னு. நான் நல்ல புடவையா மாத்திகிட்டு வந்து நின்னேன். அந்தத் தம்பி என் பக்கம் திரும்பவே இல்ல. இவரு பேசறாரு, பேசறாரு, நான், நான், நான். நடுவுல நான் டீ கொடுத்தேன். வீடியோவுல அது மட்டும் வந்துச்சு. என் மூஞ்சி வரல, கை மட்டும் வந்துச்சு. எங்க அக்கா திண்டுக்கல்லருந்து போன் பண்றா, "ஏய் ஜெசிந்தா, டீ கொடுக்கறது உன் கைதான? வளையலப் பாத்துக் கண்டுபுடிச்சிட்டேன்"னு. சந்தோஷமாச் சொல்றாம்மா அவ. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு.

அன்னைக்கே மனசுல வெச்சுகிட்டேன். இந்த வருசம் நவம்பர் வந்துச்சு. இவரு பரண்லேருந்து பெட்டிய இறக்கினாரு. நான் நடு வீட்ல நின்னு சொன்னேன்: "இங்க பாருங்க, இந்த வருசம் நான் ஒண்ணும் செய்யப் போறதில்ல. ஒரு கேழ்வரகு ஊற வெக்க மாட்டேன். நான் இல்லாம உங்க ஊரு எழும்புதான்னு பாத்துடறேன்." இவரு, "ஏன் ஜெசி, ஒடம்புக்கு முடியலையா?"ங்கறாரு. ஒடம்புக்கு முடியலையாம்! அவ்வளவுதான் தோணுது மனுசனுக்கு. ஆக்னஸு ஒண்ணும் சொல்லல. தலையக் குனிஞ்சுகிட்டு நின்னா. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க.

திருவருகைக் காலம், அதான் கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரம், பூரா நான் ஹால் பக்கம் எட்டிப் பாக்கல. புடவையத் திரையாக் கட்டிட்டாங்க. உள்ள வெட்டற சத்தம் கேக்கும், சுத்தியல் சத்தம் கேக்கும். நான் சமையக்கட்டுல உக்காந்து முறுக்கு சுத்துவேன். இன்னைக்கு வந்து கெஞ்சுவாங்க, நாளைக்கு வந்து கெஞ்சுவாங்கன்னு இருக்கேன். யாரும் வரல. ஆக்னஸு மட்டும் வருவா. "அண்ணி, காலித் தீப்பெட்டி இருக்கா?" "அண்ணி, ஊதுபத்திக் குச்சி இருக்கா?" கொடுப்பேன். வேற ஒண்ணு கேப்பான்னு பாப்பேன். அண்ணி, மலைய எங்க வெக்கலாம், கோயில எப்படித் திருப்பலாம், ஏதாவது. கேக்க மாட்டா. வாங்கிகிட்டுப் போயிருவா. நின்னு கேட்டாத்தான நான் முடியாதுன்னு சொல்ல முடியும்?

இருபத்தி நாலாந்தேதி மதியம் திரையை எடுத்தாங்க. "ஜெசி, வந்து பாரு"ன்னாரு. "எனக்கு வேலை இருக்கு"ன்னேன். ஆனா கண்ணு போகாம இருக்குமா? தண்ணி எடுக்கற சாக்குல எட்டிப் பாத்தேன்.

என்னத்தச் சொல்ல. ஊரு எழும்பி நிக்குது. எப்பவும் இருக்கறதைவிடப் பெரிசா நிக்குது. நான் கேழ்வரகு ஊற வெக்கலையா, அவ பச்சை நூல்ல புல்லாப் பின்னி விரிச்சிருக்கா, மலையடிவாரம் பூரா. மலைக்கோட்டை இருக்கு, காவேரிப் பாலம் இருக்கு, எங்க மாதா கோயிலு மணியோட இருக்கு. ஜன்னலுக்கு ஜன்னல் வெளக்கு எரியுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அழகுன்னு இல்லம்மா. ஆத்திரம். நான் இல்லாம நடக்காதுன்னு நெனச்சது நடந்துருச்சேன்னு ஆத்திரம். சொம்பை அங்கயே வெச்சுட்டு வந்துட்டேன்.

அதோடகூட விட்டிருப்பேன். நேத்து சாயந்தரம் குடில் போட்டிக்கு மார்க் போட வந்தாங்க. வருசா வருசம் எங்க பங்குல, அதான் எங்க கோயிலுக்குச் சேந்த வீடுங்கள்ல, நடக்கும். வீடு வீடாப் போய் குடிலப் பாத்து பரிசு கொடுப்பாங்க. ராயப்பன் குடும்பம்னு பேரெழுதின சுவர்க் கடிகாரம் மட்டும் எங்க வீட்ல ஏகப்பட்டது கெடக்கு. இந்த வருசம் எங்க கோயிலுக்குப் புதுசா வந்த சின்ன வயசுச் சாமியாரு, கூட ஒரு காலேஜ் டீச்சரம்மா, பின்னாலயே தெரு ஜனம் பூரா. நான் டீத்தட்டோட ஹாலுக்குள்ள போறேன். சாமியாரு குனிஞ்சு ஒவ்வொண்ணாப் பாத்துட்டு, "இதெல்லாம் யாரு செஞ்சது?"ன்னாரு.

இவரு சொல்றாரு, "ரயிலு நான் ஃபாதர். ஊரு வந்து..." இழுக்கறாரு. இழுத்துகிட்டே திரும்பறாரு. எந்தப் பக்கம் திரும்பறாரு தெரியுமா? ஆக்னஸு நிக்கற பக்கம். அம்புட்டு வருசத்துல மனுசனுக்கு நேத்துத்தான் ஞானம் வந்து, வேற ஒருத்தி பேரு வாயில வரப்போகுது, அதுவும் அவ பேரு! எனக்கு எங்கேருந்து வந்துச்சோ தெரியல.

"ஊரு நான் கட்டினது ஃபாதர்"னு சொல்லிட்டேன்.

நீ அப்படிப் பாக்காத. இந்த வருசம் நான் தொடலதான். அதுக்காக? ஒரு வருசம் புதுசா வெள்ளையடிச்சா வீடு வெள்ளையடிச்சவனுக்குச் சொந்தமாயிருமா?

டீச்சரம்மா ரொம்ப மரியாதையா, "அப்படியாம்மா! இதுல இருக்கற பொம்மையெல்லாம் உங்க தெரு ஆளுங்கதானாமே. யாரு யாருன்னு கொஞ்சம் காட்டுங்களேன்"னாங்க.

எனக்குத் தெரியாதும்மா. தெரு ஆளுங்களா? பொம்மைன்னா பொம்மை, அதுல ஆளு வேறயா? சரி, சமாளிப்போம்னு, கோயில் வாசல்ல பையோட நிக்கற ஒண்ணைக் காட்டி, "அது உபதேசியாரு"ன்னேன். பின்னால சிரிக்கறாங்க. அது போஸ்ட்மேனாம். அப்ப அந்தச் சாமியாரு, சின்னப் பிள்ளை மாதிரி ஆசையாக் கேக்கறாரு, "நீங்க எங்கம்மா இருக்கீங்க?"

பாத்தேன். ஒவ்வொண்ணாப் பாத்தேன். தட்டுல டீ ஆறுது. சாமியாரு காத்துகிட்டு இருக்காரு. கோயிலுக்கு முன்னால பட்டுப் புடவை, ஜரிகையோட ஒருத்தி நிக்கறா. அழகா இருந்தா. அதான் நானா இருப்பேன்னு, "இதோ"ன்னு காட்டினேன்.

எதுத்த வீட்டு மார்க்கரெட்டு இருக்காளே, அவ வாயப் பொத்திகிட்டுச் சிரிக்கறா. "ஏக்கா, அது கல்யாணப் பொண்ணுக்கா! நீங்க அந்தா இருக்கீங்க. வருசா வருசம் அங்கதானக்கா இருக்கீங்க!"

எங்கன்னு பாத்தா, பொன்மலை ஸ்டேஷன். பிளாட்பாரத்துல ஒரு டீக்கடை. கடைக்கு முன்னால ஒரு பொம்பள, கையில தட்டு, தட்டுல டம்ளருங்க. கொண்டை போட்டிருக்கா. மெல்லிசா ஒயரை வளைச்சு மூக்குக்கண்ணாடிகூட மாட்டி விட்டிருக்கா. நானேதான்! சந்தேகமே வேணாம். இவரு வேற சிரிச்சுகிட்டே, "ஃபாதர், எங்க ரயிலு வேற எங்க நிக்காட்டியும் இவ கடை முன்னால நிக்காமப் போகாது. டீ குடிச்சுட்டுத்தான் வண்டி எடுப்போம்"ங்கறாரு. நான் இத்தனை வருசமா அந்த எடத்துல கரண்ட் வராமத்தான் ரயிலு நிக்குதுன்னு நெனச்சுகிட்டிருந்தேன்.

டீக்கடைக்காரி! என்னை டீக்கடைக்காரி ஆக்கி வெச்சிருக்கா பாரு! வீட்டுக்கு மூத்த மருமக நான். மாதாவுக்குப் பக்கத்துல நிக்க வெச்சிருக்கக் கூடாதா? ஒரு வீட்டு மாடியில நிக்க வெச்சிருக்கக் கூடாதா? பொம்மை கையிலயும் தட்டு, என் கையிலயும் தட்டு. எல்லாரும் அதைப் பாக்கறாங்க, என்னைப் பாக்கறாங்க, அதைப் பாக்கறாங்க. கட்டினவளுக்குத் தான் எங்க நிக்கறோம்னு தெரியலயேன்னு எல்லாருக்கும் வெளிச்சமாயிருச்சு. பூமி பொளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு எனக்கு.

சாமியாரு தட்டுலேருந்து ஒரு டீயை எடுத்துகிட்டாரு. அப்ப ஆக்னஸு வாயத் தொறந்தா. "ஃபாதர், அண்ணி சொல்லுவாங்க, நான் செய்வேன். தலை அவங்க, கை நான்."

நான் எப்பவும் சொல்றதை, அப்படியே, ஒரு எழுத்து மாத்தாம சொன்னாம்மா. சாமியாரு தலைய ஆட்டினாரு. டீச்சரம்மா தலைய ஆட்டினாங்க. ஒருத்தரும் நம்பல. நம்பாமலே தலைய ஆட்டினாங்க, எனக்காக. அதைவிடக் கேவலம் உண்டா?

பின்ன என்ன, அவதான் உங்களுக்குச் சாதகமாப் பேசினாளேன்னு நீ நெனைக்கற. மூஞ்சியிலயே தெரியுது. ஏம்மா, அவ மட்டும் "பொய் ஃபாதர், எல்லாம் நான்தான் செஞ்சேன்"னு சொல்லியிருந்தா, நான் சண்டை போட்டிருப்பேன். வெளுத்து வாங்கியிருப்பேன். என் கூடத்துல நின்னு, என் சோத்தத் தின்னுட்டுன்னு ஆரம்பிச்சிருப்பேன். சண்டை போடக்கூட எனக்கு எடம் விடல அவ. போட்டுக் கொடுத்திருந்தா பரவால்ல. காப்பாத்திட்டா. அதைத்தான் என்னால தாங்க முடியல. ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டா, போகல. காலையில மறுபடியும் வாசல்ல ஆளுங்க, "ராயப்பன் சார், ரயிலு..."ன்னு. பால அடுப்புல வெச்சேன். பொங்கட்டும்னு பையைத் தூக்கிகிட்டு வந்துட்டேன். அடுப்ப அணைச்சுட்டுத்தான் வந்தேன், பயப்படாத.

மணப்பாறை தாண்டிருச்சா? நான் பேசிகிட்டே கவனிக்கல. உன்னையும் தூங்க விடல பாவம்.

இரு, போன் அடிக்குது. யாரு? அவதான். எடுக்க மாட்டேன். கெடக்கட்டும். அடிச்சு ஓயட்டும். பாரு, மறுபடியும் அடிக்கறா. காலையிலேருந்து இவரு ஒரு தடவை பண்ணினாரா? இல்ல. அவ விடாமப் பண்றா. எடுக்கவா? நீ எடுங்கற. சரி, உனக்காக எடுக்கறேன்.

ம். என்ன? பஸ்ல இருக்கேன். எங்கயோ இருக்கேன், உனக்கென்ன? சாப்பிட்டேன். சாப்பிடல. அதை விடு, என்ன விசயம் சொல்லு.

என்ன? சத்தமாப் பேசு.

எதை எடுத்துடவா? அந்த டீக்கடைப் பொம்மையவா?

யாரைக் கேட்டு எடுப்ப நீ? மனசு கஷ்டமாயிருச்சாம்ல மனசு! எனக்குக் கஷ்டமா இருக்குன்னு நான் சொன்னேனா உன்கிட்ட? மாதாவுக்குப் பக்கத்துல வெக்கறியா? எதுக்கு? அங்க என்ன ஸ்டேஷனா இருக்கு? ஏண்டி, அவளை அங்கேருந்து எடுத்துட்டா உங்க அண்ணன் வண்டிய எதுக்குடி அந்த எடத்துல நிறுத்துவாரு? நிறுத்த மாட்டாரு. போயிகிட்டே இருப்பாரு. கையை வெச்சுப் பாரு, அப்புறம் இருக்கு உனக்கு! நான் சொல்றேன், வெக்காத. போனை வை.

கேட்டியாம்மா? கேட்டியா அநியாயத்த? காலையிலதான் கிளம்பி வந்தேன். பொழுது சாயல. அதுக்குள்ள என்னைத் தூக்கிட்டு அந்த எடத்தைக் காலி பண்ணப் பாக்கறா. அழுதுகிட்டே கேக்கறா வேற, நடிப்பு! இவ நெனச்சா எடுப்பா, நெனச்சா வெப்பா, நான் பாத்துகிட்டு திண்டுக்கல்ல உக்காந்திருக்கணுமாக்கும்.

கொஞ்சம் எந்திரிம்மா, வழி விடு. கண்டக்டர் தம்பி, வையம்பட்டியில நிப்பாட்டுவீங்களா? அங்க எறங்கினா திருச்சி பஸ்ஸு உடனே கெடைக்குமா?